நாற்பத்தொரு வினாடி

ஆயர் ஈத்தாம், பினாங்கு
29 மே 2025

ஷர்மினிக்கு,

பதினெட்டு நாளாக என் அழைப்பை நீ எடுக்கவில்லை. வாட்ஸாப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் கடிதம். பதிவுத் தபாலில் போடுகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். வந்து சேரவில்லை என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

உன் அத்தான் மே பதினொன்றாம் தேதி திருச்சிக்குப் போக உங்கள் செலாட் ஏர் விமானத்தில் ஏறினார். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஓடுதளத்து ஓரமாக அந்த விமானம் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் நின்றது. குளிர்சாதனம் ஓடவில்லை. கதவைத் திறக்கவில்லை. திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. நீ அந்தக் கம்பெனியின் செய்தித் தொடர்பு அதிகாரி, இதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நீ நடந்துகொள்வதைப் பார்த்தால் தெரியாதவள் மாதிரி இருக்கிறது.

எடுக்கும் அன்று நீ வரவில்லை. பதினாறாம் நாளும் வரவில்லை. யார் வந்தது தெரியுமா? உங்கள் தலைமை நிர்வாகி டத்தோ முத்துவீரப்பன். பின்னால் மூன்று கேமரா. வீட்டில் செருப்புக் கழற்ற இடமில்லை, அவ்வளவு கூட்டம். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து, விரித்து, என் தோளில் போர்த்தினான். கேமராக்காரன் "இன்னொரு தடவ டத்தோ" என்றான். இன்னொரு தடவை போர்த்தினான்.

பெரியம்மா பின்னாலிருந்து, "யாரு போட வேண்டிய கோடிய யாருடா போடுறது" என்று சத்தமாகவே கேட்டார். அவனோடு வந்த பெண் என் காதோரம் குனிந்து சொன்னாள்: "ஷர்மினி மேடம்தான் செலக்ட் பண்ணாங்க ஆன்ட்டி."

நமக்கு அப்பா அம்மா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. எனக்குத் தாய்வீடு என்று இருப்பது நீ ஒருத்தி. புருஷனை இழந்தவளுக்குத் தாய்வீடு போட வேண்டிய கோடியை, அவரை அடைத்துவைத்துக் கொன்றவன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாய். மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் அந்தப் படம். 'கண்ணீரைத் துடைத்த டத்தோ' என்று தலைப்பு.

அந்தத் தலைப்பையும் நீதான் எழுதிக் கொடுத்தாயா? பதில் போடு.

ஜெகதீஸ்வரி


பூச்சோங், சிலாங்கூர்
6 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு முறை படித்தேன்.

என் இரண்டு போனையும் கம்பெனி வக்கீல்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள். மின்னஞ்சலையும் பார்க்கிறார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு ஊழியர் யாரும் நேரடியாகத் தொடர்பு கொள்ளக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "அது என் அக்கா வீடு" என்று சொன்னேன். "அப்படின்னா நீங்க இன்னும் கவனமா இருக்கணும்" என்றார்கள். இந்தக் கடிதத்தைக்கூட வீட்டில் உட்கார்ந்து கையால் எழுதி, நானே போய்ப் பெட்டியில் போடுகிறேன்.

கோடிச் சேலையை வாங்கியது நான்தான். வர முடியாது என்று ஆனபிறகு, அதுவாவது உன்னிடம் வந்து சேரட்டும் என்று நினைத்தேன். டத்தோவோடு வரவிருந்த சுஹானாவிடம் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் உள்ளே பெண்களிடம் கொடுத்துவிடு, எங்கள் பெரியம்மா போடுவார் என்று படித்துப் படித்துச் சொன்னேன். காரில் டத்தோ அந்தப் பையைப் பார்த்து, வெறும் கையோடு போவதைவிட இது நல்லது என்று எடுத்துக்கொண்டாராம். அவர் வெளிநாட்டிலேயே வளர்ந்தவர், கோடி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் யோசித்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு அக்கா.

ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி தரும் இழப்பீட்டை வாங்கிக்கொள். விமானத்தை நிலையத்துக்குத் திருப்புவதும் கதவைத் திறப்பதும் கேப்டனுடைய முடிவு. கேப்டன் ஜெயராஜ் வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். எங்கள் அறிக்கையில் உள்ளதுதான் நடந்தது. மரண விசாரணை, கோர்ட் என்று அலைவதால் அத்தான் திரும்பி வரப்போவதில்லை.

உன் தங்கை,
ஷர்மினி


ஆயர் ஈத்தாம்
11 ஜூன் 2025

ஷர்மினிக்கு,

உன் அறிக்கையை நம்பி நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கேள்.

அத்தானை எடுத்த அன்று கேப்டன் ஜெயராஜ் மாலையோடு வந்தார். நான்தான் வாசலில் நிறுத்தினேன். "உள்ள வராத, ஒன் கையால கதவ மூடிட்டு இங்க மால போட வந்தியா" என்று ஊர் கேட்கக் கத்தினேன். மாலையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

நேற்று மறுபடி வந்தார். இந்தத் தடவை மேலே ஏறவில்லை. கீழே கார் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு, நான் ஆலை பஸ்ஸை விட்டு இறங்கும்வரை காத்திருந்தார். "மேடம், நான் மூணு தடவ கேட்டேன். கேபின்ல முப்பத்தொம்பது டிகிரி, வயசானவங்க இருக்காங்க, திரும்பி வர்றேன்னு சொன்னேன். கே.எல். ஹெட் ஆபீஸ்ல இருந்து ஹோல்ட் பண்ண சொன்னாங்க. அவங்க பேச்ச நான் கேட்டிருக்கக் கூடாது லா. அது என் தப்புதான்" என்றார். தன் தப்பை அவர் மறைக்கவில்லை. இந்த விவகாரத்தில் அப்படிப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

புக்கிட் தெங்கா ஆலையில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தரக் கட்டுப்பாடு. ஒரு சர்க்யூட் போர்டு பழுதாகித் திரும்பி வந்தால் ஐந்து தடவை 'ஏன்' கேட்டு எழுத வேண்டும். முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் எப்போதும் கீழே உள்ள ஒருவன் பெயர்தான் இருக்கும். கேட்டுக்கொண்டே போனால் மேனேஜர் அறைக்குப் போய் நிற்கும். அதனால் நிறையப் பேர் இரண்டாவதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் நிறுத்தியதில்லை, அதனால்தான் எனக்குப் பதவி உயர்வும் இல்லை.

இப்போது கேட்கிறேன். அத்தான் ஏன் செத்தார்? கதவு திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? கேப்டன் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை? கே.எல்.லில் வேண்டாம் என்றார்கள். கே.எல்.லில் யார் சொன்னது? இங்கேதான் உன் அறிக்கை நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வேலையில் இருந்தாய். காலையில் அலுவலகத்திலிருந்து பசியாற வாங்கிய நாசி லெமாக் பொட்டலத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாய். நீ எந்த அறையில் இருந்தாய், உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

இழப்பீட்டுக் கடிதம் வந்தது. வெளியே பேசக் கூடாது என்று பதினோராவது வரியில் இருக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டேன். குமுதா என்று ஒரு வக்கீல் பிடித்திருக்கிறேன், சின்ன வயது, நல்ல வாய். மரண விசாரணை செப்டம்பரில் ஜார்ஜ்டவுனில். உன்னைச் சாட்சியாகக் கூப்பிடப் போகிறோம்.

ஜெகதீஸ்வரி


பூச்சோங்
20 ஜூன் 2025

அக்கா,

நீ அமைதியாக யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் லோகேஸ்வரனுக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது என்று உனக்குத் தெரியும். வீட்டுக் கடன் என் சம்பளத்தில் ஓடுகிறது. மகள் நித்யா இந்த வருடம் ஐந்தாம் படிவம், பள்ளி இறுதித் தேர்வு. நான் சாட்சிக் கூண்டில் ஏறிய அன்றே என் மேசையைக் காலி செய்யச் சொல்வார்கள். இந்தத் துறையில் வேறு எங்கும் சேர்க்க மாட்டார்கள்.

நான் அந்த அறையில் இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். மழையால் நான்கு ஊர்களில் விமானங்கள் நின்றிருந்தன. அந்தச் சூழ்நிலையில் சில முடிவுகள் எடுக்கப்பட்டன.

நம் ஆட்களில் ஒருவர் ஒரு விமானக் கம்பெனியின் தலைமைப் பதவிக்கு வருவது எத்தனை வருடத்துக்கு ஒரு முறை நடக்கும்? போன தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலில் அவருக்கு மாலை போட்டபோது நீயும் அத்தானும் கூட்டத்தில் நின்று கைதட்டினீர்கள். அவரை இறக்கினால் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்காருவார், அவ்வளவுதான். தொகையைக் கூட்டித் தரச் சொல்லி நான் பேசிப் பார்க்கிறேன்.

உனக்கு உண்மையில் என்ன வேண்டும் அக்கா?

ஷர்மினி


ஆயர் ஈத்தாம்
27 ஜூன் 2025

ஷர்மினி,

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய். நல்ல கேள்வி. அவன் கெட வேண்டும்.

நீதி, சட்டம், இனிமேல் யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்றெல்லாம் குமுதா பத்திரிகைக்காரர்களிடம் சொல்கிறாள். சொல்லட்டும். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. அவன் பெயரைக் கேட்டாலே ஆட்கள் முகத்தைத் திருப்ப வேண்டும். அவன் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்க வேண்டும். கோர்ட்டில் உட்கார்ந்து உன் அத்தானின் குரலைக் கேட்க வேண்டும், எழுந்து போக முடியாமல் கேட்க வேண்டும்.

அத்தான் விமானத்துக்குள்ளிருந்து எனக்கு ஏழு குரல் செய்தி அனுப்பியிருந்தார். அன்று எனக்கு ஓவர்டைம். போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அது ஆலை விதி. மூன்றரை மணிக்கு வெளியே வந்து பார்த்தேன். முதல் செய்தியில் சிரிக்கிறார்: "ஈஸ்வரி, இட்லி சட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குடி." நாலாவதில், "தண்ணி கேட்டேன், தீந்து போச்சாம். முன்னாடி ஒரு கைப்புள்ள அழுதுக்கிட்டே இருக்கு, பாவம்." ஆறாவதில், "நீ வேலைல இருப்ப, பரவால்ல, அப்புறம் கேளு." ஏழாவதில் பேச்சு இல்லை. மணி ஒன்று முப்பத்தொன்று.

கோயில் ஆட்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நீ எழுதியதையேதான் சொன்னார்கள். "நம்ம ஆளு ஒருத்தன் மேல வந்திருக்கான், நாமளே எறக்கக் கூடாது மா." நம்ம ஆள் என்று மாலை போட்டதால்தான் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல் என்று சொன்னேன். வேறு எவனாவது செய்திருந்தால் பாதிக் கோபம்தான் வந்திருக்கும். நான் கைதட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், கை வலிக்கத் தட்டினேன். அதையும் சேர்த்துத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. அத்தானின் போனை போலீஸ் போன வாரம் திருப்பிக் கொடுத்தது. நான் எடுக்காததால் அவர் வேறு ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார். 12:52. 1:20. 1:47. மூன்றும் உன் எண். முதல் இரண்டும் எடுக்கப்படவில்லை. மூன்றாவது நாற்பத்தொரு வினாடி ஓடியிருக்கிறது.

மூன்று கடிதம் உனக்கு எழுதினேன், இரண்டு கடிதம் நீ எழுதினாய். இதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜெகதீஸ்வரி


பூச்சோங்
14 ஜூலை 2025

அக்கா,

இதை எழுத இத்தனை நாளாகிவிட்டது. கிழித்துப் போட்டது எத்தனை என்று கணக்கில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கேப்டன் முதல் தடவை கேட்டபோது ஆபரேஷன்ஸ் மேனேஜர் டத்தோவைப் பார்த்தார். விமானம் திரும்பினால் பணியாளர்களின் வேலை நேரம் முடிந்துவிடும், பயணம் ரத்தாகும். அந்த வாரம் ஏற்கெனவே ஆறு ரத்து. ஏழாவது வந்தால் போக்குவரத்து அமைச்சில் போய் நிற்க வேண்டும். டத்தோ, "கதவ தெறக்க வேணாம். மழை விட்டதும் கெளம்பட்டும்" என்றார். இரண்டாம் தடவையும் அதையே சொன்னார். மூன்றாம் தடவை கையை மட்டும் அசைத்தார். நான் ஆறடி தூரத்தில் இருந்தேன். பிறகு கேப்டனின் முடிவு என்று அறிக்கை எழுதியதும் நான்தான். எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் நம்புவாயா? நடுங்கவில்லை. வேகமாக எழுதினேன், அதுதான் என் வேலை.

இதைக் கோர்ட்டில் சொல்கிறேன். வேலை போனாலும் சொல்கிறேன். லோகேஸ்வரனிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த மூன்று அழைப்பை மட்டும் விட்டுவிடு அக்கா. முதல் இரண்டு தடவையும் பெயரைப் பார்த்தேன், கூட்டத்தில் இருக்கிறேன், பிறகு பேசலாம் என்று விட்டேன். மூன்றாவதை எடுத்தேன். லைன் சரியில்லை, ஒன்றும் புரியவில்லை. அவ்வளவுதான். அது வெளியே வந்தால், அத்தான் கூப்பிட்டும் எடுக்காதவள் என்று என் பிள்ளைகள் காலம் முழுக்கக் கேட்க வேண்டும். உன் டத்தோவை நான் கொண்டுவந்து கொடுக்கிறேன். அழைப்புகளைப் பற்றி உன் வக்கீலிடம் சொல்லாதே. அம்மா மேல் சத்தியம் செய்து எழுது. வந்துவிடுகிறேன்.

ஷர்மினி


ஆயர் ஈத்தாம்
18 ஜூலை 2025

ஷர்மினி,

சரி. சொல்ல மாட்டேன். அம்மா மேல் சத்தியம்.

செப்டம்பர் ஒன்பது, காலை ஒன்பது மணி. முதல் நாளே வந்து பட்டர்வொர்த்தில் தங்கிக்கொள், காலையில் பாலத்தில் நெரிசலாக இருக்கும், ஃபெரியில் வந்துவிடு.

ஜெகதீஸ்வரி


பூச்சோங்
12 செப்டம்பர் 2025

ஜெகதீஸ்வரிக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

நான் சொன்னபடி வந்தேன். சொன்னபடி கூண்டில் ஏறினேன். யார் உத்தரவு கொடுத்தது என்று பெயரோடு சொன்னேன். டத்தோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வக்கீல் எழுந்து, விமானத்தில் ஒருவருக்கு உடல்நிலை மோசம் என்பது டத்தோவுக்குத் தெரியவே தெரியாது, தெரிந்திருந்தால் அந்த நிமிடமே திறக்கச் சொல்லியிருப்பார் என்றார். அறையே தலையாட்டியது. அங்கேயே முடிந்திருக்கும்.

அப்போது உன் குமுதா ஒரு தாளோடு எழுந்தாள். எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. 12:52, 1:20, 1:47. நான் உன்னைப் பார்த்தேன். நீ என் கண்ணை நேராகப் பார்த்தாய், கொஞ்சம்கூடத் திருப்பவில்லை.

சத்தியப் பிரமாணம் செய்திருக்கிறேன், பொய் சொன்னால் ஜெயில். சொன்னேன். அத்தான், "நெஞ்சு அடைக்குது ஷர்மினி, கதவ தெறக்கச் சொல்லு" என்றதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டு நான் எழுந்துபோய் டத்தோவிடம், "உள்ள என் அக்கா வீட்டுக்காரர் இருக்காரு சார், நெஞ்சு வலின்னு சொல்றாரு" என்றதையும், அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒங்க வீட்டு ஆளுக்காக பிளேன திருப்ப முடியாது" என்றதையும் சொன்னேன். பிறகு என்ன செய்தீர்கள் என்று குமுதா கேட்டாள். உட்கார்ந்தேன் என்று சொன்னேன். அதைத்தான் நான் நான்கு மாதமாக மறைத்தேன். அழைப்பை எடுக்காததை இல்லை. போய் உட்கார்ந்ததை.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் டத்தோ படத்துக்குப் பக்கத்தில் என் படம். நித்யா பள்ளிக்குப் போகவில்லை. நேற்று வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது, அதை எதிர்பார்த்தேன், அதற்கு வருத்தமில்லை.

அம்மா மேல் சத்தியம் செய்தாய். உன்னை நம்பித்தானே வந்தேன்?

ஷர்மினி


ஆயர் ஈத்தாம்
20 செப்டம்பர் 2025

ஷர்மினிக்கு,

ஆமாம், பொய்ச் சத்தியம்தான் செய்தேன். சத்தியம் எழுதிய கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன்பே அழைப்புப் பட்டியல் குமுதாவின் கையில் இருந்தது. நாளைக்கே வேண்டும் என்றாலும் மறுபடி செய்வேன். அம்மா இருந்திருந்தால் அவரே செய்யச் சொல்லியிருப்பார்.

உனக்கு ஒரு செய்தி. அவன் விலகிவிட்டான். நீ பார்த்திருப்பாய், ஆனால் நான் சொல்ல ஆசைப்படுகிறேன். 'குடும்பத்தோடு நேரம் செலவிட' என்று அறிக்கை. யார் எழுதிக் கொடுத்ததோ, உன் அளவுக்கு நன்றாக இல்லை. போலீஸ் தனியாக வழக்குப் பதிந்திருக்கிறது. கோயில் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று அதே இரண்டு பேர் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கோர்ட்டில் ஏழு செய்தியையும் போட்டுக் காட்டினார்கள். ஐந்தாவதில் அவன் கைக்குட்டையை எடுத்தான். நான் அவன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு கண்டு நாளானவள் சாப்பிடுவதுபோலப் பார்த்தேன்.

உனக்கும் சேர்த்துத்தான் செய்தேன். அதை மறைக்க மாட்டேன். அவன் எனக்கு யார்? அந்நியன். அவனை நம்பி உன் அத்தான் போன் போடவில்லை. நம் ஷர்மினி இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று உனக்குத்தான் மூன்று தடவை போட்டார். நீ அவனிடம் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாய். ஆறடி தூரத்தில் இருந்தவள் கத்தியிருக்கலாம். மேசையிலிருந்த எதையாவது எடுத்து எறிந்திருக்கலாம்.

கேப்டன் ஜெயராஜ் வந்திருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இனி நீ எழுத வேண்டாம்.

ஜெகதீஸ்வரி


பூச்சோங்
3 அக்டோபர் 2025

ஜெகதீஸ்வரிக்கு,

இதுதான் என் கடைசிக் கடிதம். எழுத வேண்டாம் என்றாய், ஆனால் இதை நீ கட்டாயம் படிப்பாய்.

நாற்பத்தொரு வினாடி. உன் வக்கீல் தாளில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள். நெஞ்சு அடைக்குது, கதவைத் திறக்கச் சொல் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீயே வாய்விட்டுச் சொல்லிப் பார். பதினைந்து வினாடிக்கு மேல் ஆகாது.

வேறு ஏதாவது சொன்னாரா என்று குமுதா கேட்டாள். லைன் சரியில்லை என்றேன். கோர்ட்டில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். லைன் நன்றாக இருந்தது. பக்கத்தில் குழந்தை அழுவதுகூடக் கேட்டது. அத்தான் மூச்சு வாங்க வாங்க, "அவ போன எடுக்கல, அக்காகிட்ட நீயே சொல்லிடு" என்று ஆரம்பித்தார். மிச்ச நேரம் முழுக்க உன்னைப் பற்றித்தான். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தூங்கி எழுந்தால் அதுதான் முதலில் வருகிறது.

கோர்ட் முடிந்ததும் உன்னைத் தனியாக ஃபெரிக்குக் கூட்டிப்போய், இருவரும் உட்கார்ந்து, சொல்லலாம் என்று நினைத்துத்தான் பினாங்குக்கு வந்தேன். அந்நியர்கள் நடுவில், தாளில் எழுதி எடுத்துக்கொள்ளும் இடத்தில் சொல்ல மனமில்லாமல்தான் கூண்டில் மறைத்தேன். அது உனக்குச் சேர வேண்டியது என்று இருந்தேன்.

இப்போது சொல்லப் போவதில்லை. நீ சத்தியம் செய்து என்னை ஏமாற்றினாய். நான் உனக்குச் சத்தியமும் செய்யவில்லை, உன்னை ஏமாற்றவும் இல்லை. பேசாமல் இருக்கப் போகிறேன், அவ்வளவுதான். உனக்கு மனசு நிறைந்துவிட்டதாமே.

ஷர்மினி


ஆயர் ஈத்தாம்
8 அக்டோபர் 2025

ஷர்மினி,

பொய். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டார். என்னைக் குடைவதற்காக எழுதுகிறாய். செய்தி எழுதியே பிழைத்தவள், இதையும் எழுதியிருக்கிறாய்.

சொல்லியிருந்தால் அது என்னுடையது. உன்னிடம் கொடுத்துவைக்கவில்லை, சேர்க்கச் சொன்னார். குமுதாவிடம் சொல்லி மறுபடி கோர்ட்டுக்கு இழுக்க எனக்குத் தெரியும்.

ஜெகதீஸ்வரி


ஆயர் ஈத்தாம்
15 அக்டோபர் 2025

ஷர்மினி,

குமுதா முடியாது என்று சொல்லிவிட்டாள். விசாரணை முடிந்துபோயிற்றாம்.

நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஆலைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பதிமூன்று வினாடிதான் ஆகிறது. அவருக்கு மூச்சு வாங்கியிருக்கும், பதினெட்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் இருபத்து மூன்று வினாடி மிச்சம் இருக்கிறது.

ஜெகதீஸ்வரி


ஆயர் ஈத்தாம்
2 நவம்பர் 2025

அன்புள்ள ஷர்மினிக்கு,

இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. மூன்று தடவை போன் போட்டேன். பூச்சோங்குக்கு பஸ் ஏறி வந்தேன், உனக்குத் தெரியும். லோகேஸ்வரன் கேட்டைத் திறக்காமல், "அவங்க வீட்ல இல்லக்கா" என்றார். மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது.

போன கடிதங்களில் எழுதியதை விட்டுவிடு. நான் செய்தது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை, தோன்றுவதாக எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அவன் விழுந்தான், அதற்கு உன்னைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. ஆனால் அவன் விழுந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இப்போது அவன் ஞாபகமே வருவதில்லை. காலையில் ஆலை பஸ்ஸில் உட்கார்ந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் ஓடுகிறது. லாக்கரில் போனை வைக்கும்போது கை நின்றுவிடுகிறது. நேற்று வரிசையில் மூன்று பழுதான போர்டை நல்லது என்று அனுப்பிவிட்டேன், இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

கூண்டில் நின்று நீ சொன்னதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். இது எனக்கு மட்டும்தான் வேண்டும். நேரில் வர வேண்டாம், பேச வேண்டாம், என்னை மன்னிக்கவும் வேண்டாம். என்னைத் திட்டி நாலு பக்கம் எழுதி, நடுவில் எங்கேயாவது அதைச் சேர்த்துவிடு, நான் தேடி எடுத்துக்கொள்கிறேன்.

என்மேல் கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. எழுது.

அக்கா